இஷ்யூ

நீதிமன்றத்துக்கு எதிர்ப்பக்கம், இரண்டாம் மாடி.
உறுதிகளை மொழிமாற்றி முத்திரை குத்துவது என் பிழைப்பு.
பக்கத்துக்கு எழுநூறு ரூபா,
பழைய கையெழுத்தென்றால் ஆயிரம்.

சங்கரத்தை இராசமலர் கொண்டுவந்தது
பூச்சி தின்ற ஆங்கில உறுதி.
பெரியப்பா 'வித்தவுட் இஷ்யூ' காலமானார்
என்று வாசித்தேன்.
"நல்லதுதானே தம்பி,
ஒரு பிரச்சினையுமில்லாமல் போய்ச் சேர்ந்திருக்கிறார்."

அதில்லை அக்கா.
உறுதியில் இஷ்யூ என்றால் பிள்ளை.

"பிள்ளையோ!"
சிரித்த சிரிப்பில் மேசையின் தண்ணீர்ப்போத்தல் ஆடியது.
"அப்ப சரியாத்தான் எழுதியிருக்கிறாங்கள்."

அகராதியைப் புரட்டினேன், அவவுக்காக இல்லை.
சஞ்சிகையின் மாசி இதழும் இஷ்யூ,
அடையாள அட்டை வழங்குவதும் இஷ்யூ,
காலையிலிருந்து வைஃபை வராததும் அதுவேதான்.
எல்லாவற்றுக்கும் அடியில்
லத்தீனில் கிளம்பி பிரெஞ்சில் தேய்ந்து வந்த
சின்ன வினையொன்று:
வெளியே போ.

புத்தகத்தை மூடி
படிவத்தை அவபக்கம் திருப்பினேன்.
ஏழாம் கட்டம், வாரிசுகள்.
மூத்தவன் ஸ்காபரோ. நடுவிலாள் பாசல்.
மூன்றாவது வரியில்
பேனை நின்றது.

"வெளியில போனவன் தம்பி.
தொண்ணூற்றாறு ஆடி.
பாண் வாங்க."

கீழே ஓட்டோக்காரன்
யாருக்கோ கோர்ன் அடித்துக்கொண்டிருந்தான்.

"அவன்ர பேரையும் போடலாம்தானே?
ஒரு இஷ்யூவும் வராதே?"

போடுங்கோ என்றேன்.
முத்திரையில் மை காய்ந்திருந்தது.
இரண்டு தரம் குத்த வேண்டியிருந்தது.