முப்பத்தாறாவது மணி

கோரிமேட்டில் கரண்ட் போய்ப் போய் வந்த இரவு.
பெர்னதெத்தும் நானும்
ஈரல் செல்களுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றினோம்.
கொழுப்பு உள்ள இடத்தில் மட்டும் அது தங்கும்.

பன்னிரண்டாவது மணித் தகட்டில்
ஒவ்வொரு செல்லும் உடைத்து வைத்த மாதுளை.
ஒன்றில் எழுபத்தோரு சொட்டு,
இரண்டு முறை எண்ணினேன்.
இருபத்து நான்கில் நாற்பதுக்கும் கீழே.
முப்பத்தாறில்
எண்ண வேண்டிய வேலையே இல்லை.

டெங்குக்குச் சொந்தமாக அடுப்பு கிடையாது,
விறகு கிடையாது,
பசிக்க ஒரு வயிறுகூடக் கிடையாது.
நுழைந்ததும் அது எதையும் சூறையாடுவதில்லை.
பஞ்சம் வந்துவிட்டது என்று
செல்லை நம்பவைக்கிறது, அவ்வளவுதான்.
தடைக்காலம் முடியுமுன்
தேங்காய்த்திட்டில் விசைப்படகுக்குப் பிடித்துவைத்த டீசல்போல்
சொட்டுச் சொட்டாகச் சேர்த்ததை
செல் தானே உடைக்கிறது, தானே எரிக்கிறது,
அந்தச் சூட்டில்
வேறு யாரோ பெருகுகிறார்கள்.

மிஞ்சிய சொட்டின் முதுகில்
வைரஸின் ஓட்டுப் புரதம்
மழைக்கு ஒதுங்கிய ஆள்போல் ஒட்டி நிற்கிறது.
(சொட்டுகள் குறையாது, கூடும் என்று
எழுதியவர்களும் உண்டு.
அவர்கள் தகட்டை நான் பார்த்ததில்லை.)

எரிக்கும் வழியை மருந்தால் அடைத்த
ஒரே ஒரு தட்டில்
மாதுளை அப்படியே இருந்தது.
வைரஸ் பத்தில் ஒரு பங்கு.
நான் துள்ளினேன்.
பெர்னதெத் கையுறையைக் கழற்றாமலே சொன்னாள்:
"இது தட்டு. ஆள் இல்ல."

வாசலில் காவலுக்கு அஞ்சாபுலி.
அவர் மகள் சுடர்க்கொடி
காய்ச்சல் வார்டில் மூன்றாம் நாள்,
தட்டணுக்கள் இருபத்திரண்டாயிரம்.
"உள்ள ஏதாச்சும் தெரிஞ்சுதா மேடம்?"
சாப்பிடுகிறாளா என்று கேட்டேன்.
"கஞ்சித்தண்ணிகூட எறங்கல.
இருக்கிற சதையெல்லாம் எங்க போவுதுன்னே தெரியல."

எங்கே போகிறது என்று
எனக்கு ஒரு செல் அளவுக்குத் தெரியும்.
அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

அவளுக்கு வாங்கி, அவள் தொடாத
இரண்டு வடையை எங்களுக்குத் தந்தார்.
பேப்பர் முழுக்க எண்ணெய் ஊறி
பின்பக்கத்து எழுத்து
இடவலம் மாறி மேலே வந்திருந்தது.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
ஏதோ ஓர் எண்ணிக்கை.
வாக்கா, வெப்பமா, நோயாளிகளா, பிடிபடவில்லை.

பெர்னதெத் கூப்பிட்டாள்.
நாற்பத்தெட்டாவது மணித் தகடு காய்ந்துவிட்டதாம்.
கையில் எண்ணெய்.
சோப்பு போட்டு இரண்டு தரம் கழுவினேன்.