யார் கணக்கு

விடியற்காலை மூன்றுக்குக் காசிமேடு.
ஆழத்து மீனை யாரும் ஏலம் கேட்பதில்லை.
கோழித்தீவனத்துக்குப் போகும் கூடையிலிருந்து
தேசம்மா எனக்கென்று ஒதுக்கி வைப்பாள்.

விரல் நீள மீன்: இரைப்பையில்
தூசி மாதிரி பூச்சிக்கால்கள்.
சாண் நீளம்: சிவந்த இறால்,
கண் இன்னும் கரையவில்லை.
முழ நீளம் இன்று ஒன்றே ஒன்று.
கத்தி வைத்ததும் வழுக்கி விழுந்தது
ஒரு விரல் நீளம்,
அதே கறுத்த வாய்.

"இன்னா எழுதுற?"
"தன்னினம்."
ஐஸ் பெட்டிமேல் குந்தி
டீயை ஊதியபடி சொன்னாள்:
"அந்தக் குட்டி வயித்தயும் கீறு.
அது இன்னா துன்னுச்சோ."

கீறினேன்.
தூசி.
முழுசாய், புதுசாய்,
பூச்சிக்கால்கள்.

பேனா நிற்கிறது.
இந்தச் சாப்பாட்டை
யார் கணக்கில் எழுத?