மறுபிள்ளை

ஓணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.
மீனாட்சிபுரம் சோதனைச்சாவடியில்
பொள்ளாச்சிப் பக்கத்து டேங்கர்கள்
ரோடு வளைகிற இடம்வரை நின்றன.
எனக்கு முப்பத்திரண்டாம் வாரம்.
ஆசிட் பாட்டிலைப் பின்சி வாங்கிக்கொண்டாள்;
எனக்கு லாக்டோமீட்டர், பதிவேடு, ரப்பர் முத்திரை.

"என்னங் மேடம், வயித்தவே காணம்"
என்றார் ஆறுச்சாமி, ஆறாயிரம் லிட்டரோடு வந்தவர்.
சும்மா சொன்னதுதான்.
சாம்பிள் குப்பியைக் கவிழ்த்துக் குலுக்கினேன்,
வேண்டியதற்கு மேலேயே.

போன மாதமே சித்தூர் ஸ்கேனில் சொல்லியிருந்தார்கள்:
தலை வாரத்துக்குச் சரி,
வயிறு பின்தங்கி நிற்கிறது.
அன்றிலிருந்து நாகமாணிக்கம்
சோற்றில் குழி பறித்து நெய் ஊற்றினார்.
ரெண்டு முட்டை கூட. பேரீச்சை. ராகிக் கூழ்.
நான் மூணு கிலோ ஏறினேன்.
சரக்கெல்லாம் என் பக்கமே தங்கிவிட்டது.

லீவு போடச் சொன்னார்கள்.
ஓணம் முடியட்டும் என்றேன்.
(இதை அடிக்காமல் விட்டு வைக்கிறேன்.)

சர்க்கரை சரிவு கண்டால் இறங்கிவிடுமாம்,
வாய்க்கால் தண்ணீர் மாதிரி.
புரதத்தின் துண்டுகளால் அது ஆகாது.
ஒவ்வொன்றையும் மேட்டில் ஏற்றிவிட ஆள் வேண்டும்,
ஆளுக்குக் கூலி வேண்டும்,
கூலி கொண்டுவரும் ரத்தம் மெலிந்தால்
அவன் கை கட்டி நிற்பான்.
அவள் ரத்தமும் என் ரத்தமும்
ஒரு சொட்டுக்கூடக் கலக்காதாம்.
நடுவில் முட்டைத்தோல் கனம்கூட இல்லாத சுவர்.

உள்ளே அவள் என்னைக் கேட்காமல் முடிவெடுத்திருந்தாள்:
வருகிற கொஞ்சமும் மூளைக்கு.
வயிற்றுக்கு அப்புறம்.
உதைப்பது, நாளைக்கு நாலே நாலு.

அடுத்த ஸ்கேனில் டாக்டர் ஜெசிந்தா ஸ்பீக்கரைத் திறந்தார்.
உஷ்.
உஷ்.
நடுவில் ஒன்றுமில்லை.
"இந்த இடைவெளியிலயும் ஓட்டம் இருக்கணும்" என்றார்.
துடிப்புக்குத் துடிப்பு கோடு
தரையில் போய்ப் படுத்துக்கொண்டது.
நுரையீரலுக்கு ரெண்டு ஊசி. இன்றே திருச்சூர்.

உத்திராடத்தன்று வெட்டி எடுத்தார்கள்.
ஆயிரத்து நூற்றெண்பது கிராம்.
பூனைக்குட்டி அழுவதுபோல் ஒரு தடவை அழுதாள்,
தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.
பிறகு பச்சைத் திரைக்கு அந்தப்புறம் ஒருத்தி
"மறுபிள்ள வந்நு" என்றாள்.

எங்கள் வீட்டுத் தமிழில் அது நஞ்சு.
நஞ்சு விழுந்ததா என்றுதான் கேட்போம்,
விழுந்ததும் மறப்போம்.
இந்த ஊர்க்காரர்கள் அதையும் ஒரு பிள்ளை என்கிறார்கள்.

காட்டுங்கள் என்றேன்.
எடை போடுங்கள் என்றேன். தொழில் புத்தி.
இருநூற்று முப்பது.
எஃகுத் தட்டில், ஓரமெல்லாம் வெளுத்துக் கெட்டித்து,
வேகாத கப்பைக்கிழங்குத் துண்டுகள் மாதிரி.
நடுவில் உள்ளங்கை அகலம் மட்டும் கருஞ்சிவப்பு.
அந்த அகலம்தான் இத்தனை நாளும்
விடிய விடிய வேலை பார்த்திருக்கிறது.
மூடப் போனாள்.
கொஞ்சம் இரு என்றேன். என்னத்துக்கென்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் பிழிந்தது நாலு மில்லி. மஞ்சள்.
பழக்கத்தில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.
லாக்டோமீட்டர் மிதக்க இது காணாது.
மூக்குக் குழாய்க்கு மட்டும் காணும்.

லேபிளுக்குப் பேர் கேட்டாள் நர்ஸ்.
இன்னும் வைக்கவில்லை.
அவளே எழுதினாள், மலையாளத்தில்.
எழுத்துக் கூட்டிப் படித்தேன்:
கனகலதாவின் பிள்ளை. நாலு மில்லி.
காலை ஆறு பத்து.