தையலுக்குள் விட்ட துணி

என் இடுப்பைச் சுற்றி இன்னொருவர் நாடா பிடித்தது
அன்றுதான் முதல் தடவை.
பெரியாஸ்பத்திரி கிளினிக்,
செவ்வாய்க்கிழமை, இலக்கம் நாற்பத்தேழு.
நூற்றி இரண்டு சென்ரிமீற்றர் என்றார் தாதி.
நாற்பது அங்குலம், ஒரு நூல்
என்று மனதுக்குள் திருத்திக்கொண்டேன்.
நானென்றால் மூச்சை விடச் சொல்லிவிட்டு
எடுத்திருப்பேன்.

ஸ்கேன் துண்டில் ஈரல்
பால் சிந்தின மாதிரி வெளுத்துக் கிடந்தது.
"தோலுக்குக் கீழ உள்ளது சும்மா கிடக்கும், ஐயா.
துடையில உள்ளது உங்களுக்கு உதவியும் கூட.
வயித்துக்குள்ள ஒளிச்சிருக்கிறதுதான்
ஓயாம வேலை செய்யும்"
என்றார் டொக்டர் ரிஸ்மியா.
என்ன வேலை?
"சின்னச் சின்னதா நெருப்பு வைக்கிற வேலை.
காட்டில அறுபத்திரண்டு வயசு என்று போட்டிருக்கு.
உங்கட ரத்தக்குழாய் அப்பிடிச் சொல்லேல்ல."

ஏகாம்பரம் வீதிக் கடைக்குத் திரும்பி
பழைய அளவுக் கொப்பிகளை இறக்கினேன்.
முப்பத்தெட்டு வருடத்து இடுப்புகள்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய குலவீரசிங்கம்:
எண்பத்தெட்டில் முப்பது.
தொண்ணூற்றொன்றில் இருபத்தாறு.
அந்த வருடம் நான் புதிதாய் எதுவும் தைக்கவில்லை.
முகாமிலிருந்து வந்தவர்களின் காற்சட்டைகளை
இரவிரவாய்ப் பிடித்துக் கொடுத்தேன்.
இந்த ஊரில் யாரும் யாரையும்
'உனக்குக் கொழுப்பு' என்று ஏசாத
ஒரே வருடம்.

நாங்களும் முகாமில்தான் இருந்தோம்.
நிவாரண அரிசி, பருப்புத் தண்ணீர்.
செல்வரூபி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டேயிருந்தாள்.
எங்கிருந்து வந்தது அந்தப் பால்?
தொடையிலிருந்து, இடுப்பின் பின்புறத்திலிருந்து,
அவளே வெட்கப்பட்டுச் சேலையால் மறைத்த
அந்தச் சதையிலிருந்து.
நல்ல தையல்காரன் பின்தையலுக்குள்
ஒன்றரை அங்குலம் துணி விட்டுத்தான் மடிப்பான்.
அவளைத் தைத்தவனும் விட்டிருந்தான்.
அங்குலம் அங்குலமாய்ப் பிரித்துக் கொடுத்தாள்.

பிறகு கப்பல் வந்தது, ஓவர்டைம் வந்தது,
நாலு மணிக்கு ரோல்ஸ் வந்தது.
பஞ்சம் முடிந்ததென்று உடம்புக்கு
ஒருவரும் சொல்லவில்லைப் போல.
அது பதுக்கிக்கொண்டேயிருந்தது,
பின்தையலில் இடம் போதாமல்
ஈரலைச் சுற்றி, குடலைச் சுற்றி.
குலவீரசிங்கம், இரண்டாயிரத்துப் பத்து: நாற்பத்தொன்று.

பதினேழில் முப்பத்தைந்து.
"பொடியன் மாதிரி ஆகிட்டீங்கள்" என்றேன்.
சிரித்தார்.
சிரித்தபோது கன்னம் நிரம்பவில்லை.
அன்று தொடையையும் அளந்திருக்கிறேன்,
இதோ, என் கையெழுத்து: பதினேழரை.
முன்பு இருபத்துமூன்று.
அதைப் பார்த்திருக்க வேண்டும்.
இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.
அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வெற்று.

இப்போது விடிய ஐந்தரைக்கு டச்சுப்பேயில் நடக்கிறேன்.
என் நாடாவுக்குத் தெரிந்த ஆட்கள் பாதிப்பேர்
மூச்சு வாங்கியபடி எதிரே வருகிறார்கள்.
ஒருவரையொருவர் பார்த்ததும்
வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறோம்.
பஸ் நிலையத்தடியில் கோட்டை மான்கள்
பாண் சுற்றிய பொலித்தீனைச் சப்புகின்றன.
அவற்றுக்கும் வயிறு பருத்துத்தான் கிடக்கிறது.

நேற்று எனக்கே ஒரு காற்சட்டை வெட்டினேன்.
நாற்பதா முப்பத்தாறா என்று
சோக்கட்டியோடு கனநேரம் நின்றேன்.
முப்பத்தெட்டில் கோடு போட்டேன்.
உள்ளே இரண்டு அங்குலம் விட்டேன்.

"டொக்டர் என்ன சொன்னவ?" என்றாள் செல்வரூபி,
பொத்தான்துளைக்கு நூல் கோத்தபடி.
"பிரிக்கவோ, பிடிக்கவோ?"

பிடிக்கத்தான் சொன்னவ என்றேன்.
ஆனால் தொடையில கை வைக்க வேண்டாமாம்.