அறுநூற்று ஐம்பத்திரண்டில் ஒன்றுமில்லை

யுவாஸ்குலாவில் ஜனவரி.
ஏரியின் மேல் லாரியே போகலாம் என்கிறார்கள்.
நிலவறையில் இரவு ஷிஃப்ட்; உடன் ஓய்வா.
அது அவன் பெயர். என் மொழியில் ஒரு கேள்வி.
இல்லை, இன்னும் இல்லை
என்று தினமும் மனதுக்குள் பதில் சொல்கிறேன்.

ஈயத்தின் உறவுக்காரக் கரு ஒன்று
சிலிக்கனில் வந்து புதைகிறது.
உடனே தணிய வேண்டியது
சில மைக்ரோநொடி அடம் பிடிக்கிறது.
அதன் கணக்கில் அது யுகம்.

ஜெர்மேனியத்துக்குத் திரவ நைட்ரஜன் ஊற்றியாயிற்று.
காமா வருமென்று கெர்த்து
சாக்லேட் பந்தயம் கட்டியிருந்தாள்.
அறுநூற்று ஐம்பத்திரண்டில் வெறும் புல்தரை,
ஒரு தண்டுகூட நிமிரவில்லை.

"கேபிளைப் பார்."
பார்த்தேன்.
"மறுபடி பார்."
கேபிள் நன்றாகவே இருந்தது.

நாலு மணிக்குப் பக்கத்துத் திரையில்
எலெக்ட்ரான்கள் குவிந்தன, ஐந்நூற்று அறுபத்து நாலில்.
மேசையில் விரலால் கூட்டினேன்:
அணுவைவிட்டு வெளியேற எண்பத்தெட்டு சுங்கம்.
சேர்த்தால் அதே தொகை.

சுழற்சி பூஜ்யத்திலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கும் கருவுக்கு
ஒற்றை ஒளித்துகள் விட அனுமதி இல்லை.
ஆகவே வாசலருகே நின்றவன் கையில்
இருப்பதையெல்லாம் திணித்து
ஓடு என்றிருக்கிறது.
அவன் விட்ட இடத்தில் வேறொருவன் குதித்த
எக்ஸ் கதிர் மட்டும்
ஜெர்மேனியத்தின் ஓரத்தில், எழுபத்தைந்தில்.

கெர்த்து சாக்லேட்டை மூன்றாக உடைத்தாள்,
தோற்றவளுக்கே பெரிய துண்டு.

குறிப்பேட்டில் ஓய்வா எழுதினான்:
காமா இல்லை.
கீழே இரண்டு கோடு.
நேற்றும் இதையேதான் எழுதியிருந்தான்;
நேற்று அது புகார்.