முதலில் பிணவறை

முதலில் கட்டியது பிணவறைதான்.
கல்வெட்டில் அது இல்லை.
கல்வெட்டில் இருப்பவர்கள்
நாடா வெட்டிய அன்று மட்டும் வந்தவர்கள்.

நான் பதிவறை எழுத்தர்.
ஒன்றாம் எண் பதிவேடு
என் மேசையின் ஆடுகாலுக்கு அடியில்
பதினோரு வருடம் முட்டுக்கொடுத்துக் கிடந்தது.
எடுத்துத் தட்டினால் கரப்பான் முட்டை,
அப்புறம் சுப்பராமுலு கம்பவுண்டரின் கையெழுத்து.

செக்போஸ்ட் வளைவில் லாரிகள் கவிழ்ந்த காலம்.
செத்தவன் எந்த மாநிலத்தான் என்று
இரண்டு போலீசும் முடிவு செய்வதற்குள்
பிணம் நாறிவிடும்.
அதனால் வந்தது:
ஓர் அறை, ஒரு கல்மேடை, ஒரு வடிகால்.
உயிரோடிருப்பவர்களுக்கு
எதிரே வேலிக்காத்தான் நிழல்,
செவ்வாயும் வெள்ளியும் சுப்பராமுலு,
மூன்று பாட்டிலில் மருந்து.
"எக்கட நொப்பி?" என்பார்.
தமிழில் சொன்னாலும் தெலுங்கில் சொன்னாலும்
சிவப்புத் தண்ணீர்தான்.

எலும்பு முறிந்தவர்கள் இதில் இல்லை.
அவர்கள் எல்லை தாண்டிப் புத்தூர் போய்
மூங்கில் தப்பை வைத்துக் கட்டிக்கொண்டார்கள்.
சைக்கிளிலிருந்து விழுந்த சுப்பராமுலுவும்
ஐந்து மணி பஸ்ஸில் அங்கேதான் போனார்.
விடுப்புக் கடிதத்தில், "சொந்த வேலை".

பிறகு அந்தக் கார்த்திகை வெள்ளம்.
பக்கம் நூற்றுப் பதினான்கு.
தரைப்பாலம் போன இரவில்
அக்கரை ஊர் மங்கதாயி
இக்கரைக் கரும்பு வெட்டில்
நிறைமாதமாய் மாட்டிக்கொண்டாள்.
ஒழுகாத கூரை ஊரில் ஒன்றுதான்.
ஞானபாக்கியம் நர்ஸ்
கல்மேடையைப் பினாயில் விட்டுக் கழுவி,
போதாதென்று வெந்நீர் ஊற்றி,
அதுவும் போதாதென்று ஒரு ஜெபம் சொல்லி
தன் சேலையை விரித்தாளாம்.
இது வாட்ச்மேன் கன்னியப்பன் சொன்னது.
பதிவேடு சொல்வது இவ்வளவே:
ஆண். ஐந்தே கால் ராத்தல். அழுதது.
பிறந்த இடம் என்ற கட்டத்தில்
"பிணவறை", அதன்மேல் ஒற்றைக் கோடு,
பக்கத்தில் "வளாகம்".

அந்தப் பக்கத்தை நகலெடுத்து
ஜில்லா ஆபீசுக்கு ஆறு முறை அனுப்பினாள்.
ஏழாவது நகலில்
அடித்த சொல்லை அடிக்காமல் எழுதினாள்.
பிரசவ வார்டு வந்தது.

வார்டுக்குக் குழாய் வந்தது.
பாம்புக்கடி ஊசிக்கு ஃபிரிட்ஜ்,
ஃபிரிட்ஜுக்கு ஜெனரேட்டர்,
ஜெனரேட்டருக்கு டீசல்,
டீசலுக்கு ஒரு திருடன்,
திருடனுக்காகச் சுற்றுச்சுவர்.
இப்படித்தான் வளர்ந்தோம்.
இன்று ஐந்து மாடி, இரண்டு லிஃப்ட்.
ஒன்று ஓடும்.
கல்மேடை இருந்த இடத்தில்
டயாலிசிஸ் மெஷின்கள் நாளெல்லாம் முனகுகின்றன.

போன மாதம் ஒருவர் வந்தார், தலை முழுக்க நரை.
குவைத்தில் மகளைப் பார்க்க பாஸ்போர்ட்,
பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்று.
"உள்ளது உள்ளபடி நகல்" என்ற முத்திரையைக்
கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன்,
கோடும் உள்ளதுதானே?
அதற்குள் அவர் எட்டிப் பார்த்து
கோட்டுக்கு அடியில் இருந்ததைப் படித்துவிட்டார்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு சிரித்தார்.
"ஏமய்யா, நான் அங்கிருந்து திரும்பி வந்தவனா?"

வந்ததுதான் வந்தோம்,
பிரஷர் பார்த்துவிடலாம் என்று சீட்டு கேட்டார்.
கம்ப்யூட்டர் கேட்டது:
புது நோயாளியா, பழைய நோயாளியா?
பழைய என்பதைத் தட்டினேன்.
பழைய சீட்டு எண் கேட்டது.
நூற்றுப் பதினான்கு என்று அடித்தேன்.
ஏற்கவில்லை.