உப்பளத்தார் தெரு, மாடி போர்ஷன்

போன வாரம் நீ கேட்டாய், கனிமதி,
அந்தத் தெரு சேஃபா அக்கா என்று.
பஸ்ஸில் இருக்கிறேன், சிக்னல் இல்லை என்றேன்.
சிக்னல் இருந்தது.

வாடகை மூவாயிரத்து ஐந்நூறு. மூன்றாகப் பிரித்தால்
ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம்.
மஞ்சக்குப்பத்தில் அந்தக் காசுக்குக்
கட்டிலில் பாதிதான் கிடைக்கும்.
இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான் வருகிறது.

முதுநகர் ஜங்ஷனில் ஷேர் ஆட்டோ ஏறித்
தெருப் பேரைச் சொன்னால் முனையிலேயே இறக்கிவிடுவார்கள்.
உள்ளே வண்டி திரும்பாது என்பார்கள்.
தண்ணி லாரி ஒன்றுவிட்டு ஒருநாள் திரும்புகிறது.

குடிவந்த அன்று அப்பா
கதவு, ஜன்னல் கம்பி, மொட்டைமாடிப் படி
எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்தார்.
கடைக்குப் போய்ப் பெரிய தாழ்ப்பாள் வாங்கிவந்து
தன் கையால் அடித்தார்.
கீழே சுவரில் தொங்கும் தகரப் பெட்டிக்குள்
பீட் போலீஸ் கையெழுத்துப் போடும் நோட்டு.
அதைப் பார்த்த பிறகுதான் டீ குடித்தார்.
நான் அப்புறம் திறந்து பார்த்தேன்:
திங்கள், செவ்வாய், புதன்,
மூன்றும் ஒரே பேனா, ஒரே அவசரம்.

டீக்கடை பெஞ்சில் இருப்பவனுக்குக் கொக்கி என்று பேர்.
ஸ்டேஷனில் அவன் படம் ஒட்டியிருக்கிறதாம்.
இரண்டு வருஷத்தில் எங்களிடம் ஒரு சொல் பேசியதில்லை.
ஒருநாள் ஈவினிங் டியூட்டி முடிந்து வருகிறோம், கரண்ட் இல்லை.
பைக்கைத் திருப்பி ஹெட்லைட்டைப் போட்டான்.
படியேறிப் பூட்டைத் திறக்கும்வரை
அந்த வெளிச்சம் எங்கள் முதுகிலேயே இருந்தது.
வழி காட்டினானா, பார்த்துக்கொண்டிருந்தானா?
ஷம்ஷாத்துக்கும் எனக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

திருட்டுப் போனது ஒரு ஜோடி செருப்பு.
ஹாஸ்டலில் இதைவிட அதிகம் போயிருக்கிறது.

ஐப்பசியில் ஒரு ராத்திரி.
மறுநாள் பரீட்சை. ரத்தப்போக்குப் பாடம்.
கீழே ஓடும் சத்தம். ஒரு ஷட்டர் இறங்கும் சத்தம்.
பிறகு, அம்மா என்றும் சொல்லாமல்
ஐயோ என்றும் சொல்லாமல்
வெறும் மூச்சாகவே ஒரு சத்தம்.
அப்பா அடித்த தாழ்ப்பாள் நன்றாக வேலை செய்தது.
நாங்கள் மூன்று பேரும் கால்களைத் தூக்கிக்
கட்டில்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்,
வெள்ளம் உள்ளே வந்துவிட்டதுபோல.

காயத்தை எங்கே அழுத்த வேண்டும், எவ்வளவு நேரம்?
ஐந்து மார்க்.
எழுதினேன். ஐந்தும் கிடைத்தது.

காலையில் தெருவில் பிளீச்சிங் பவுடர் வட்டமாகக் கிடந்தது.
அருள்தாஸ். ஐஸ் கம்பெனியில் பெட்டி தூக்குகிறவர்.
நாங்கள் காலேஜில் இருக்கும்போது
தண்ணி வரிசையில் எங்கள் குடங்களை நகர்த்தி வைப்பவர்.
சண்டை அவருடையதில்லை. குறுக்கே வந்திருக்கிறார்.
பிழைத்துவிட்டார்.
இடதுகை மட்டும் தோளுக்கு மேலே ஏறாது.

ஒரு மாதம் கழித்து, லாரி வந்த காலையில்
அவர் மனைவி சலேத்து மேரி
கோபமே இல்லாமல்,
பருப்பு விலை சொல்வதுபோலச் சொன்னார்:
உங்க ரூம்ல லைட்டு எரிஞ்சுதும்மா.

அவ்வளவுதான். சொல்லிவிட்டு
என் குடத்தையும் ஓர் அடி முன்னால் நகர்த்தினார்.

ஆகவே, கனிமதி, சேஃப்தான்.
எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.
பெரிய ஆஸ்பத்திரிக்கு அப்ளிகேஷன் போட்டபோது
முகவரியில் தெருப் பேரை விட்டுவிட்டு
முதுநகர் என்று மட்டும் எழுதினேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

வருவதானால் மாதக் கடைசிக்குள் சொல். ஷம்ஷாத் இருப்பாள்.
தென்காற்றில் கம்பெனி வாடை வரும், ஜன்னலைச் சாத்திக்கொள்.
உப்புக் காற்று, தாழ்ப்பாள் இறுகிக் கிடக்கிறது.
வந்ததும் கொஞ்சம் எண்ணெய் விடு.
உள்ளேயிருந்து
சட்டென்று திறக்க வேண்டும்.